அலுவலகக் கதை அலுவலகத்திலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு கொச்சிக்கடையில், சுங்கத்திலிருந்து சரக்குகளை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் கம்பனியில் கணக்காளராக வேலை செய்கிறேன். தலைமை அலுவலகம், பேலியகொடைக் களஞ்சியம், கட்டுநாயக்கவில் நிற்கிற பையன்கள், யாழ்ப்பாணக் கிளை எல்லாம் சேர்த்து அறுபது பேர் வரை இருக்கிறோம். கணினிக்கென்று தனியாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிற அளவுக்குக் கம்பனி பெரிதில்லை. பில் கட்டுகிறவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரிண்டர், இணையம், சிசிடிவி எல்லாம் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது, ஊழியர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்கிற அலுவலக மெசஞ்சர்.

கடந்த வருடம் அதை மாற்றினோம். மாற்றுவதற்கு முன்னர், எங்களைப் போன்ற கம்பனிகளின் கணக்குப் பிரிவுகளில் இருக்கிற நண்பர்களிடம் விசாரித்தேன். புறக்கோட்டை, கிராண்ட்பாஸ், மருதானை எங்கே கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான்: பழைய மெசஞ்சர் படுத்துவிட்டது, புதிது வாங்கக் காசில்லை, எல்லோரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டோம். உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் காசோலையில் கையெழுத்துப் போடுகிற முதலாளிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்புக்குப் போவதற்குச் செலவில்லை என்று நினைக்கிறார்கள். செலவு இருக்கிறது, பில் வருவதில்லை, அவ்வளவுதான். அதைவிடக் குறைந்த செலவில், கம்பனிக்கே சொந்தமான ஒரு மெசஞ்சரை நடத்த முடியும்.

எங்களிடம் இருந்தது ஓபன்ஃபயர் என்ற சேர்வர். ஊழியர்களின் கணினிகளில் ஸ்பார்க் என்ற சின்ன மென்பொருள். இரண்டும் இலவசம். அந்நாளில் எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் 2011 அளவில் போட்டுக்கொடுத்தார். குறை சொல்ல முடியாது, நன்றாக ஓடியது. டி.ஓ. (சரக்கை எடுக்கக் கப்பல் முகவர் தருகிற அனுமதிக் கடிதம்) எடுத்தாயிற்றா, யாழ்ப்பாண லொறி புறப்பட்டதா, கஸ்டெக்கில் (சுங்கப் பிரகடனத்தில்) எந்தப் பெறுமதி போட்டார்கள் என்பதையெல்லாம் மேசையை விட்டு எழும்பாமலே கேட்டுக்கொள்ளலாம். இந்த மெசஞ்சர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு எக்ஸ்.எம்.பி.பி. என்று பெயர். 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கியது, 2004இல் இணையத்தின் முறையான தரங்களில் ஒன்றாக வெளியானது. எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. இன்றைக்கு எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற வாட்ஸ்அப்பின் சேர்வரே, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஈஜாபர்டி என்ற இலவச மென்பொருளை எடுத்துத் திருத்தி வளர்ந்ததுதான். அதனால் பழையதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓபன்ஃபயருக்கு இன்றும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

பழசாகிப்போனது எங்களுடைய ஓபன்ஃபயர்தான். 2016இல் ஒருமுறை புதுப்பித்தார்கள். அதன் பிறகு யாரும் கைவைக்கவில்லை. போட்டுக்கொடுத்தவர் கனடாவுக்குப் போய்விட்டார், நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. சேர்வர் என்று நாங்கள் சொன்னது, ஃபைல் அலுமாரிக்குப் பக்கத்தில் தூசி பிடித்திருந்த ஒரு விண்டோஸ் 7 கணினி. விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை 2020 ஜனவரி 14ஆம் திகதியே நிறுத்திவிட்டது. இதற்கு மேல், யாழ்ப்பாணக் கிளை உள்ளே வரவேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் ரவுட்டரில் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார். மெசஞ்சருக்கான கதவோடு நிறுத்தியிருக்கலாம். நிர்வாகப் பக்கத்துக்கான 9090 இலக்கக் கதவும் உலகத்துக்கே திறந்து கிடந்தது.

அதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். 2023 மே மாதத்தில் ஓபன்ஃபயரை எழுதுகிறவர்களே ஒரு அறிவிப்பு வெளியிட்டார்கள். 2015இல் வந்த 3.10 பதிப்பு முதற்கொண்டு, கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று இருக்கிறது, 4.6.8 அல்லது 4.7.5க்கு உடனே மாறுங்கள் என்றார்கள். மாறாதவர்களின் சேர்வர்களில் புகுந்து, தங்களுக்கென்று நிர்வாகக் கணக்குகளைத் திறந்து, நாசகார மென்பொருளை ஏற்றிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்தன. பம்பலப்பிட்டியிலிருந்து வந்து எங்கள் கணினிகளைத் திருத்துகிற தம்பி ஒரு நாள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

"காசு வந்ததும் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2023 ஓகஸ்ட் மாதம் நம் நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேர்வர், தகவல்களைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கிற ரேன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவையும் அதில் அடக்கம். அங்கே ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அதே வருடம் ஏப்ரலில்தான் முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாற நினைத்திருந்தார்கள், நிதிப் பற்றாக்குறையால் தாமதமாகிவிட்டது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இணையத்தோடு இணைந்திருந்த பிரதிகளையும் தாக்குதல் விட்டுவைக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே இந்தக் கதி. எங்கள் அலுமாரிப் பக்கத்துக் கணினியை நினைத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். பழைய சேர்வர் அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியதும் எங்கள் ஆட்களும் அங்கேதான் போனார்கள். யாரும் முடிவெடுக்கவில்லை, தானாகவே நடந்தது. முதலில் துறைமுகத்தில் நிற்கிற வார்ஃப் கிளார்க்மாருக்கு ஒரு குழு. பிறகு லொறிகளுக்கு ஒன்று. அப்புறம் கணக்குக்கு, விமான நிலையத்துக்கு, முதலாளி இருக்கிற குழு, முதலாளி இல்லாத குழு. ஒரு டி.ஓ. நாளையோடு காலாவதியாகிறது என்று கப்பல் முகவரிடமிருந்து வந்த செய்தியை ஒரு பிள்ளை பொறுப்பாகக் குழுவில் போட்டது. அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள். கேக் படங்களுக்கும் கைகூப்பும் பொம்மைகளுக்கும் அடியில் அந்தச் செய்தி போய்விட்டது. கொன்டெய்னருக்கு மேலதிகமாகக் கட்டிய தாமதக் கட்டணம் டொலரில். அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதால், வாட்ஸ்அப் இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சூடாகும்.

இன்னொன்று, எங்களிடம் இருந்த ஒரு கெட்டிக்காரர் விலகி வேறு கம்பனிக்குப் போனார். நல்ல பிள்ளை, கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் பேசிப் பழகியது அவருடைய சொந்த இலக்கத்தோடு. விலைப்பட்டியல், யாருக்கு எவ்வளவு கழிவு, எந்தச் சரக்கில் என்ன சிக்கல் வந்தது எல்லாம் அவருடைய கைத்தொலைபேசியில்தான் இருந்தன. எங்களிடம் மிஞ்சியது அந்த உரையாடல்களின் சில ஸ்கிரீன்ஷொட்டுகள். அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம். நீக்கினாலும் அதுவரை வந்த செய்திகளும் படங்களும் அவருடைய போனிலேயே இருக்கும்.

அந்தப் படங்கள் என்னவென்று பாருங்கள். டோஹாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வேலை முடித்துத் திரும்புகிறவர்களின் பெட்டிகளை நாங்கள் விடுவித்துக் கொடுக்கிறோம். யு.பி.பி. என்று சொல்வோம். அதற்குக் கடவுச்சீட்டின் பக்கங்கள், அடையாள அட்டை, வீட்டு முகவரி எல்லாம் வேண்டும். மட்டக்களப்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்த ஒரு தாயின் கடவுச்சீட்டுப் படம், எங்கள் பையன்கள் எத்தனை பேருடைய போனில், அவர்களுடைய கல்யாண வீட்டுப் படங்களுக்கு நடுவே கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேறிவிட்டது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவதை 2025இலும் தள்ளிவைத்தார்கள் என்பது உண்மை. அது வரட்டும் பார்ப்போம் என்று இருப்பவர்கள் இருக்கலாம். அந்தத் தாய் கவுண்டரில் வந்து நின்று, "என்ட படத்த அழிச்சிட்டீங்களா பிள்ள?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பை நம்பாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது அதை முடக்கினார்கள். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு முடக்கினார்கள், மே மாதம் திரும்பவும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கோடு சேர்த்து ஒருமுறை. சரியா பிழையா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. 2019இல் நகரமே பயந்து போயிருந்த அந்த நாட்களில், எங்கள் ஆட்கள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அறிய உதவியது அந்தப் பழைய ஸ்பார்க்தான். சேர்வர் எங்கள் கட்டடத்துக்குள் இருந்ததால் சமூக வலைத்தளத் தடை அதைத் தொடவில்லை. எதிர்பாராத ஒரு நன்மை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, எந்தத் தடையும் இல்லாமலே, ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலம் அளவுக்கு நின்றன. இரவு நேரக் கப்பல் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கும்.

"அப்போ நல்லதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவோம்" என்று முதலாளி சொன்னார், அவரைக் குறை சொல்லக்கூடாது. கணக்குப் போட்டுக் காட்டினேன். ஸ்லாக் என்ற அலுவலக மெசஞ்சர் நல்ல பொருள். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் ஆளுக்கு மாதம் 7.25 டொலர். அறுபது பேருக்கு 435 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் மாதம் 1,30,500 ரூபா, வருடத்துக்குப் பதினைந்தரை இலட்சத்துக்கு மேல். முதலாளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் எசென்ஷியல்ஸ் ஆளுக்கு 4 டொலர், அறுபது பேருக்கு மாதம் 72,000 ரூபா. உங்கள் கம்பனி ஏற்கெனவே மைக்ரோசொஃப்ட் 365க்கு மாதாமாதம் கட்டுகிறதென்றால், அந்தத் திட்டத்தில் டீம்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்தக் கடிதத்தை இத்தோடு மடித்து வைத்துவிட்டு அதையே பாவியுங்கள். நாங்கள் அப்படிக் கட்டுகிறவர்கள் இல்லை.

இங்கே கணக்காளராக ஒன்று சொல்லவேண்டும். விலையை விட எனக்குப் பயம், அது டொலரில் இருப்பதுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. ஒரு ஆளும் கூடாமல், ஒரு செய்தியும் கூடாமல், அந்த பில் முக்கால் மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப டொலரில் கட்டுகிற எதையும் நான் பட்ஜெட்டில் போட விரும்புவதில்லை. கொழும்பில் அந்த வருடத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலவசத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்திய செய்திகளைப் பார்க்க முடியாது, ஒரு வருடத்துக்கு முந்தியவை அழிக்கப்பட்டுவிடும். சுங்கத்திலிருந்து பழைய சரக்கு ஒன்றைப் பற்றி வருடம் கழித்துக் கடிதம் வருகிற தொழில் எங்களுடையது. ரொக்கெட் சாட் என்ற இன்னொரு மெசஞ்சரின் 'ஸ்டார்ட்டர்' என்ற இலவசத் திட்டம் ஐம்பது பேரோடு நின்றுவிடும். அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு காலம் கடை போடுவது? யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் மூடப்பட்டது. எங்கள் சென்னை முகவர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. அவரோடு பல வருடங்கள் பேசிய விலைப் பேச்சுகள் எங்கே என்று கேட்டால், இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை.

கடைசியில் சூலிப் என்ற மெசஞ்சரை எடுத்தோம். முழுவதும் திறந்த மூல மென்பொருள். டிரொப்பொக்ஸ் நிறுவனம் 2014இல் வாங்கி, 2015இல் எல்லோருக்குமாகத் திறந்துவிட்டது. நமக்கென்று ஒரு சேர்வரில் போட்டு ஓட்டினால் ஆள் கணக்கில் காசு இல்லை. நூறு பேருக்குள் என்றால் 2 ஜிபி நினைவகம் உள்ள சேர்வர் போதும் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அளவு மேகச் சேர்வர் ஒன்று மாதம் 12 டொலர் அளவில் வாடகைக்குக் கிடைக்கிறது. 3,600 ரூபா. இதுவும் டொலர்தான், ஆனால் டொலர் இரட்டிப்பானாலும் நான் தாங்கிக்கொள்வேன். அதில் ஓடுகிற உபுண்டு என்ற இயங்குதளம் இலவசம். இணைப்பைப் பூட்டுகிற சான்றிதழ், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடமிருந்து, அதுவும் இலவசம். டொமைன் பெயர் ஏற்கெனவே இருந்தது. பம்பலப்பிட்டித் தம்பிக்கு அமைத்துக் கொடுத்ததற்கு ஐம்பதாயிரம் ரூபாவுக்குள் கொடுத்தேன்.

சேர்வரை ஏன் அலுவலகத்திலேயே வைக்கவில்லை என்று கேட்கலாம், பழையது உள்ளே இருந்ததைப் புகழ்ந்தவள்தானே நான். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய், நாடு முழுவதும் இருண்டதையும் பார்த்தோம். ஜெனரேட்டர் டீசல், யு.பி.எஸ். பட்டரி எல்லாம் என் பேரேட்டில்தான் விழும். வெளியே வைத்தால், கொச்சிக்கடையில் மின்சாரம் போனாலும் யாழ்ப்பாணமும் கட்டுநாயக்கவும் பேசிக்கொண்டிருக்கலாம். ஒரு வாடகைச் சேர்வரை யாரும் சமூக வலைத்தளம் என்று முடக்குவதும் நடக்காது. நாட்டின் இணையத்தையே வெட்டினால் ஒன்றும் செய்ய முடியாது, அது வேறு. ஒரே கட்டடத்துக்குள் எல்லோரும் இருக்கிற கம்பனியென்றால் உள்ளேயே வைப்பதுதான் சரி என்று நான் சொல்வேன்.

சூலிப்பை எடுத்ததற்கு எனக்குப் பிடித்த காரணம் வேறு. அதில் குழுக்களில் போடுகிற ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு இருக்கவேண்டும் என்று அமைத்துக்கொள்ளலாம். குழுவுக்குள் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எங்கள் ஜொப் இலக்கத்தையே தலைப்பாக வைத்தோம். ஒரு சரக்குக்கு ஒரு தலைப்பு. அந்தக் கொன்டெய்னர் பற்றிய டி.ஓ., கஸ்டெக், லொறி, பணம் கட்டியது, வாடிக்கையாளர் சத்தம் போட்டது எல்லாம் ஒரே இழையில் வரிசையாக இருக்கும். வார்ஃபில் நிற்கிற கிளார்க் சிங்களத்தில் எழுதுவார், யாழ்ப்பாணக் கிளை தமிழில் எழுதும், முதலாளி ஆங்கிலத்தில் எழுதுவார். ஒரு மாதம் கழித்து நான் பில் தயாரிக்கும்போது, அந்த இலக்கத்தைத் தட்டினால் முழுக் கதையும் வருகிறது. முன்பெல்லாம் ஒரு பில்லுக்காக மூன்று பேரைத் தொலைபேசியில் துரத்துவேன். பிறந்தநாளுக்கும் ஒரு தலைப்பு திறந்து கொடுத்தோம். கேக் எல்லாம் அங்கே.

விலகிப் போகிறவருடைய கணக்கை ஒரு அழுத்தில் மூடிவிடலாம். அவர் எழுதியவை அந்தந்தச் சரக்கின் கீழேயே நிற்கும். கடவுச்சீட்டுப் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் உரிய தலைப்பில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். எல்லோரும் அழிக்கிறார்களா? இல்லை. வாடிக்கையாளர்களை வாட்ஸ்அப்பை விட்டு வரச்சொல்வது நடக்காத காரியம், அதற்கு நான் முயலவும் இல்லை. அவர்களோடு பேசுவது அங்கே இருக்கட்டும், நமக்குள் எடுக்கிற முடிவு இங்கே வரட்டும் என்பதுதான் எங்கள் விதி.

விற்பனைக்காரர்கள் சொல்லமாட்டாத சில தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். சொந்தச் சேர்வரில் ஓடினாலும், கைத்தொலைபேசியில் 'டிங்' என்று அறிவிப்பு வருவது ஆப்பிள், கூகிள் வழியாகத்தான் போகவேண்டும், அதற்கு சூலிப் கம்பனியின் சேவை தேவை. பத்துப் பேர் வரை இலவசம். அதற்கு மேல் வர்த்தக நிறுவனங்கள் கட்டணம் செலுத்தவேண்டும். எங்களில் பெரும்பாலானவர்கள் மேசைக் கணினிக்கு முன்னால் இருப்பவர்கள், அவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. வெளியே ஓடித்திரிகிற பையன்களுக்குத்தான் கஷ்டம். செயலியைத் திறந்து பார்க்கும்படி பழக்கியிருக்கிறோம், அவசரமென்றால் அழைப்பு எடுக்கிறோம். இது அரைகுறைத் தீர்வு என்பது எனக்குத் தெரியும். உங்கள் ஆட்களில் பாதிப்பேர் வெளியே நிற்கிறவர்கள் என்றால், அந்தக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அல்லது ஓபன்ஃபயரையே புதிய பதிப்பில், பாதுகாப்பாகத் திரும்பப் போட்டு, போன்களில் கொன்வர்சேஷன்ஸ் என்ற அண்ட்ரொய்ட் செயலியைப் பாவிக்கலாம். அது சேர்வரோடு நேராக இணைந்திருக்கும். தம்பி அதைப் போட்டும் காட்டினார், வேலை செய்தது. தலைப்பு வசதி இல்லாததால்தான் நான் வேண்டாம் என்றேன்.

தமிழில் தேடுவதற்கு பிஜிகுரூங்கா என்ற கூடுதல் பொதியைச் சேர்வரில் போடச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். இன்னொரு தலையிடி பாமினி. எங்கள் கிளையில் இருக்கிற ஒரு ஐயா முப்பது வருடமாகப் பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவர். மெசஞ்சரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். அவருக்கு யூனிகோட் விசைப்பலகையைப் பழைய பாமினி அமைப்பிலேயே போட்டுக்கொடுத்தோம். விரல் பழக்கம் மாறத் தேவைப்படவில்லை. இப்போது எல்லோரையும் விட அவர்தான் அதிகம் எழுதுகிறார், சில வேளை தேவைக்கு மேலேயே.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை முதலாளிமார். உங்கள் முன்னால் வைத்தே சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டு "அந்தப் பெட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டால், அறுபது பேரும் வாட்ஸ்அப்பில்தான் பதில் சொல்வார்கள். அன்றைக்கே புதிய மெசஞ்சர் செத்தது. எங்கள் முதலாளி தட்டச்சுச் செய்ய மாட்டார். பேசித்தான் பழக்கம். நல்லவேளை, பிடிவாதக்காரர் இல்லை. அவர் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, உரிய தலைப்பில் போடுகிற வேலையை வரவேற்பு மேசைப் பிள்ளை செய்கிறது. பதிலைப் பார்ப்பதற்கு மட்டும் அவர் உள்ளே வருகிறார். அது போதும். ஆட்கள் அவர் பெயரைத் திரையில் பார்த்தால் தானாக அங்கே வருவார்கள்.

செலவு உண்மையில் எங்கே இருக்கிறதென்றால், பார்த்துக்கொள்கிற ஆளில். பழைய சேர்வர் பதின்மூன்று வருடம் இலவசமாக ஓடியதன் விலை, அதை யாரும் பார்க்காமல் விட்டதுதான். இப்போது அந்தத் தம்பிக்கு மாதம் ஒரு சிறு தொகை எழுதிவைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால் போடவேண்டும், ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லவேண்டும், ஒவ்வொரு இரவும் பிரதி எடுக்கவேண்டும். வாரம் ஒருமுறை அந்தப் பிரதி ஒரு வெளி டிஸ்கில் ஏறி, வயரைக் கழற்றி, காசுப் பெட்டகத்துக்குள் போகிறது. அரசாங்கத்துக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, வயரைக் கழற்றுவதில் நான் மிகவும் கண்டிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து காட்டச் சொல்கிறேன். நிர்வாகக் கடவுச்சொல் ஒரு உறையில், முத்திரையிட்டு, அதே பெட்டகத்தில். அடுத்த தம்பியும் கனடா போகலாம்.

இந்தப் பராமரிப்புத்தான் சிறு கம்பனிகளுக்குத் தடை. ஒரு கம்பனிக்கு மட்டும் நம்பிக்கையான ஒருவரைப் பிடிப்பது கஷ்டம், பிடித்தாலும் அவருக்கு அது கட்டாது. ஒரே வீதியில் இருக்கிற ஐந்தாறு கம்பனிகள் சேர்ந்து ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்தால் எல்லோருக்கும் கட்டும். சேர்வர் தனித்தனி, தகவல் தனித்தனி, பார்க்கிற ஆள் மட்டும் பொது. வெளிக் கணக்காய்வாளரை நாம் அப்படித்தானே வைத்திருக்கிறோம், அவர் நம் எதிராளியின் புத்தகத்தையும் பார்க்கிறார், யாரும் பயப்படுவதில்லை. கிளியரிங் தொழிலில் உள்ளவர்களின் சங்கங்களோ, புறக்கோட்டை வியாபாரிகளின் சங்கங்களோ முன்வந்து இப்படி ஒரு ஒப்பந்தத்தைப் பேசிக் கொடுத்தால், எங்கள் பங்குக்கான முதல் வருடக் காசோலையை எழுத நான் தயார். முதலாளியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று என்னுடையது.

இப்படிக்கு,
கிளியரிங் கம்பனிக் கணக்காளர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06